புகைப்படத்தில் இல்லாத மாப்பிள்ளை

“பொறந்ததுலேருந்து சாகிற வரைக்கும் எந்த வேலைக்கும் இன்னொருத்தர் கை எனக்குத் தேவைப்படாது. செத்த பிறகு தூக்கிட்டுப் போக மட்டும் நாலு பேர் வேணும். அதுக்கும் ஒரு வழி யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

இந்தப் பிரகடனம் வெளியான இடம், சலவை இயந்திரம் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் பின்கட்டு. வெளியிட்டவர் அந்தக் கடையின் மூத்த மெக்கானிக். கேட்டவர்கள் மூன்றே பேர், அதிலும் ஒருவருக்குக் காது மந்தம். ஆனாலும் தேநீர் ஆறுவதற்குள் செய்தி முன்கட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் ‘சுயம்பு’ என்ற பெயர் நிலைத்தது. தானாகவே தோன்றியவர் என்று பொருள். பெற்ற தாய்க்கு இதில் ஆட்சேபணை இருந்திருக்கலாம். யாரும் போய்க் கேட்கவில்லை.

பெரிய மனிதர்களின் சரித்திரத்தில் அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று எழுதுவது வழக்கம். சுயம்புவின் சரித்திரத்தில் அவர் யாரையெல்லாம் செய்ய விடவில்லை என்று எழுதினாலே பக்கம் நிறைந்துவிடும். முடிதிருத்துபவரை விடவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து தானே வெட்டிக்கொள்வார். பின்மண்டை மேய்ந்து முடித்த நிலம் மாதிரி இருக்கும். கேட்டால், “இப்ப இதுதான் ஸ்டைல்” என்பார். தையற்காரரை விடவில்லை. அவருடைய கால்சட்டைகளில் இடது கால் வலது காலை நம்பியதே கிடையாது. காய்ச்சல் வந்தால் நோயாளியும் அவரே, டாக்டரும் அவரே. இருவருக்கும் ஒரு நாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவரின் திருமணம் எப்படி நடந்திருக்கும்? பதிவு அலுவலகத்தில், விருந்தாளிகளே இல்லாமல் நடந்தது. ஆட்கள் வந்தால் யாராவது உதவி செய்துவிடுவார்களே என்ற பயம். அலுவலகத்துக்குக் காரை அவரே ஓட்டிக்கொண்டு போனார். முன்சீட்டில் கருவிப்பெட்டி இருந்தபடியால் மணப்பெண் பின்சீட்டில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற காவலாளி, “டிரைவர், வண்டியை அந்தப் பக்கம் போடுப்பா” என்றார். டிரைவர் போட்டுவிட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டார். சாட்சிக் கையெழுத்து கேட்டபோது, “அதையும் நானே போட்டுடறேனே” என்று பேனாவை நீட்டியிருக்கிறார். பதிவாளர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் வராந்தாவில் வேறொரு ஜோடிக்காகக் காத்திருந்த இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கள் ஜோடியைத் தேடிப் போய்விட்டார்கள்.

புகைப்படமும் அவரே எடுத்தார்.

கல்யாணம் ஊரில் நடந்தது. அதன்பிறகு சுயம்பு கடல் தாண்டி இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தார். மனைவி ஊரிலேயே, தான் வேலை பார்த்துவந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே இருந்தார். விடுமுறைக்கு விடுமுறை இவர் போய் வந்தார். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி ஒருவழியாகக் கைக்கு வந்ததும், மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போடலாம் என்ற நிலை வந்தது. பேச்சை முதலில் எடுத்தது மனைவிதான். பரிசோதனைக் கூடத்தில் மதியச் சாப்பாட்டு இடைவேளை, ரத்தக் குப்பிகள் இருக்கும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், காதில் போன்.

“என்னங்க, மனுப் போட ஒரு வக்கீல் வச்சுக்கலாமா?”

“வக்கீல் எதுக்கு? நான் என்ன கொலையா பண்ணேன்?”

“இன்னும் பண்ணலை. நீங்களே எழுதி அனுப்பினா, படிக்கிற ஆபீசர் யாரையாவது பண்ணிடுவார்.”

“இங்க பாரும்மா, கவர்மெண்டே போட்டிருக்கு, வக்கீல் கட்டாயமில்லன்னு.”

“சீப்புகூடத்தான் கட்டாயமில்ல. உங்க தலையைப் பாத்தா தெரியுது.”

செலவு ஒரு காரணமே இல்லை. சுயம்பு கஞ்சர் அல்ல என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். தன் கருவிகளுக்கு அவர் செலவழித்திருப்பதைப் பார்த்தால் ஒரு வக்கீலையே வளர்த்திருக்கலாம். பிரச்சினை வேறு. தன் மனைவியைத் தன்னிடம் சேர்த்துவைக்க நடுவில் ஒருவர் வேண்டும் என்பது, தன் வாயில் சோறு போட வேறொருவர் வேண்டும் என்பது மாதிரி அவருக்குப் பட்டது.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அதே கடையின் வேன் டிரைவர், வயதில் சின்னவர். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று. அந்தப் பாயின்டிலிருந்து சுயம்பு தன் கையாலேயே ஒயர் இழுத்து அறை முழுக்கக் கொடி படர விட்டிருந்தார். விளக்கைப் போட்டால் சில சமயம் மின்விசிறி சுற்றும்.

“அண்ணே, எங்க அக்கா வீட்டுக்காரர் வக்கீல் வச்சுத்தான் அக்காவைக் கூட்டிட்டு வந்தார்,” என்றார் வேன்காரர். “ஒரு சிக்கலும் வரலை.”

“அவருக்குப் படிக்கத் தெரியாதா?”

“அவர் வாத்தியாருண்ணே.”

“அப்ப சரிதான். மேனுவலை வச்சு வேலை செஞ்சு பழக்கமிருக்காது.”

சுயம்புவுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. மனுவுக்கான வழிகாட்டியை முழுக்க அச்செடுத்து, கிரீஸ் விரலால் பக்கம் புரட்டி, மூன்று நிறத்தில் கோடு போட்டுப் படித்தார். பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், சம்பளச் சான்று எல்லாம் கச்சிதமாக அமைந்தன. அதில் எந்த வக்கீலும் குறை சொல்லியிருக்க முடியாது. பிறகு ஒரு கேள்வி வந்தது. ‘நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள், உங்கள் உறவு எப்படி வளர்ந்தது என்பதை உங்கள் சொற்களில் எழுதவும்.’ கீழே ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

தன் சொற்களில் எழுதச் சொன்னதுதான் அவர்கள் செய்த பிழை. சுயம்பு வாழ்நாளில் எழுதியிருக்கிற ஒரே இலக்கியம், பழுது பார்த்த பிறகு வாடிக்கையாளரிடம் நிரப்பிக் கொடுக்கும் வேலை அட்டை. அந்த வடிவத்தில் அவர் கை தேர்ந்தவர். எழுதினார்:

‘அழைப்பு வந்த இடம்: ரத்தப் பரிசோதனைக் கூடம். புகார்: ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை. கண்டறிந்தது: கதவு ரப்பர் தேய்மானம், அங்கு வேலை செய்யும் ஒரு பெண். செய்த வேலை: ரப்பர் மாற்றப்பட்டது, பெண்ணிடம் பேசப்பட்டது. மறுவருகை: புகார் இல்லாமலேயே பலமுறை. முடிவு: திருமணம். தற்போதைய நிலை: நன்றாக ஓடுகிறது.’

மிச்சமிருந்த வெள்ளை இடத்தை அவர் கண்டுகொள்ளவில்லை. மனைவியிடம் போனில் பெருமையாகப் படித்துக் காட்டினார்.

“என்னம்மா, எப்படி?”

“நன்றாக ஓடுகிறதா?”

“ஆமா.”

“ஓடுது. தனித்தனியா ரெண்டு நாட்டுல ஓடுது. வேற எதாவது சேத்து எழுதுங்களேன். எனக்கு உடம்பு சரியில்லாதப்ப நீங்க லீவு போட்டுட்டு ஓடி வந்தீங்களே, அதை எழுதலாமில்ல?”

“அது வாரண்டியில வர்றது. தனியா எழுத மாட்டோம்.”

மனு போயிற்று. வேலை அட்டையும் போயிற்று. உறவுக்குச் சான்றாகக் கல்யாணப் புகைப்படங்களும் போயின.

சில மாதங்கள் கழித்துக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். மரியாதை அதிகமாக இருந்தால் கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘தாங்கள் அனுப்பிய திருமணப் படங்களில் மணமகள் மட்டுமே காணப்படுகிறார். மணமகன் எந்தப் படத்தில் இருக்கிறார் என்று அறிய விரும்புகிறோம். இந்த உறவு உண்மையானது என்று நாங்கள் திருப்தி அடையும்படியான கூடுதல் சான்றுகளைக் குறித்த கெடுவுக்குள் அனுப்பாவிட்டால், மனு நிராகரிக்கப்படும்.’

சுயம்பு படங்களை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினார். வேன்காரரும் எட்டிப் பார்த்தார். மணப்பெண் பதிவு அலுவலக வாசலில் நிற்கிறார், தனியாக. கையெழுத்துப் போடுகிறார், தனியாக. காரின் பின்சீட்டில் சிரிக்கிறார், தனியாக. மாலையும் கழுத்துமாக மரத்தடியில் நிற்கிறார், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு. ஒரே ஒரு படத்தில் மட்டும் மணமகன் உண்டு. கேமராவில் டைமரை வைத்துவிட்டு மணப்பெண்ணை நோக்கி ஓடுகிற மங்கலான ஒரு முதுகு.

“இது நீங்கதானாண்ணே?”

“பின்மண்டையைப் பாத்தா தெரியலையா?”

“தெரியுது. ஆனா அந்த ஆபீசர் பாத்ததில்லையே. கல்யாணப் பொண்ணைப் பிடிச்சுட்டுப் போக யாரோ ஓடறாங்கன்னு நினைச்சிருப்பார்.”

ஊருக்குப் போய் வந்த விடுமுறைகளிலாவது படம் எடுத்திருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். எடுத்தார், ஏராளமாக. எல்லாம் அவரே எடுத்தவை.

இப்போதாவது வக்கீலிடம் போவார் என்று வேன்காரர் நம்பினார். அந்த நம்பிக்கையில் முகவரியைக்கூடச் சுவரில் ஒட்டி வைத்தார். சுயம்பு அதைப் படித்தார். ஒட்டியது கோணலாக இருக்கிறது என்று பிய்த்து, நேராக ஒட்டிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பழுது எங்கே என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். படத்தில் ஓர் உதிரிப்பாகம் குறைகிறது. உதிரிப்பாகத்தைப் பொருத்திவிட்டால் முடிந்தது. தன் பழைய படம் ஒன்றிலிருந்து தன்னைக் கத்தரித்து, மரத்தடியில் மனைவிக்குப் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த வேலை நடந்தது. முடிந்ததும் மனைவிக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

“யாருங்க இது, என் பக்கத்துல?”

“நான்தாம்மா. நல்லா வந்திருக்கில்ல?”

“என் நிழல் இந்தப் பக்கம் விழுது. உங்க நிழல் மட்டும் வேற நாட்டுல விழுது.”

“அதைச் சரி பண்ணிடலாம். அரை மணி நேர வேலை.”

“பண்ணாதீங்க.” குரலில் இருந்த கிண்டல் போய்விட்டிருந்தது. “இது பொய். நாம உண்மையாவே கல்யாணம் பண்ணவங்க, நமக்கு எதுக்குப் பொய்? கண்டுபிடிச்சுட்டா இந்தத் தடவை மட்டும் இல்ல, எப்பவுமே நான் வர முடியாமப் போயிடும். தெரியுமில்ல?”

“சும்மா செஞ்சு பாத்தேன்.”

“இங்க லேப்ல எல்லாரும் முன்னாடி ‘எப்ப போறே’ன்னு கேட்டாங்க. இப்பல்லாம் ‘போவியா’ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

சுயம்பு கம்ப்யூட்டரை அணைத்தார்.

“சரி, ஒண்ணு கேக்கறேன். உங்க கடையில ஒரு போர்டு மாட்டி வச்சிருக்கீங்களே, படம் எடுத்து எனக்கு அனுப்பினீங்களே. அதுல என்ன எழுதியிருக்கு?”

அந்தப் பலகையைப் பற்றி நாம் இதுவரை சொல்லவில்லை. அது சுயம்புவே எழுதி, சுயம்புவே மாட்டியது. ‘நீங்களே திறந்து பார்த்த மெஷினுக்குக் கூலி கூடுதல்.’ திருகாணியைத் தொலைத்துவிட்டு, குழாயை மாற்றிச் சொருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்களை அவருக்குக் கண்டால் ஆகாது. “தெரியாத வேலைல ஏங்க கை வைக்கறீங்க? இதுக்குன்னு ஆள் இருக்கோமில்ல?” என்று ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒரு பிரசங்கம் செய்வார். இந்தப் பிரசங்கத்தையும் பின்கட்டுப் பிரகடனத்தையும் ஒரே வாய்தான் சொல்லிவந்தது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும், அந்த வாய்க்கு மட்டும் தெரியாது.

“என்னங்க, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“போர்டுல என்னன்னு கேட்டேன்.”

“நாளைக்கு வக்கீல்கிட்டப் போறேம்மா,” என்றார் சுயம்பு. “சும்மா விசாரிச்சுட்டு வர்றேன். வைக்கணும்னு இல்ல.”

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. குறுகலான படிக்கட்டு, கைப்பிடியில் ஒரு திருகாணி ஆடிக்கொண்டிருந்தது. சுயம்பு அதைக் கவனிக்காத மாதிரி ஏறினார். உள்ளே அவரை உட்காரச் சொல்லிவிட்டு உதவியாளர் போய்விட்டார். எதிரே கோப்புகள் குவிந்த மேஜை, தொட்டால் தள்ளாடியது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் பொறுப்பான்? வக்கீலம்மா அறைக்குள் நுழைந்தபோது நாற்காலியில் ஆள் இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“யாரது?”

“நான்தாங்க. சும்மா ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“மேஜைக்குக் கீழயா?”

வெளியே வந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சுயம்பு கோப்பை நீட்டினார். வக்கீலம்மா நிதானமான பெண்மணி. கடிதத்தைப் படித்தார். படங்களைப் பார்த்தார். ஓடுகிற முதுகை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து இரண்டாம் முறை பார்த்தார். பிறகு வேலை அட்டைக்கு வந்தார். வாசிக்க வாசிக்க அவருடைய உதடுகள் உள்ளுக்குள் மடிந்தன. சிரிப்பை அடக்குகிறாரா, அழுகையையா என்று சுயம்புவுக்குப் பிடிபடவில்லை.

“இதை மாத்தி எழுதிடலாங்களா?” என்றார் சுயம்பு.

“வேண்டாம். அப்படியே இருக்கட்டும். பொய் சொல்றவங்க இதைவிட நல்லா எழுதுவாங்க.”

பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, எடுத்துக்கொண்டார்.

“கல்யாணத்துச் சாட்சி ரெண்டு பேர் யாரு? அவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கலாம்.”

“அவங்க யாருன்னு தெரியாதுங்க. வேற கல்யாணத்துக்கு வந்தவங்க.”

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேஜை ஆடவில்லை. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை, சுயம்பு கவனித்தார்.

“உங்க மனுவுல மத்ததெல்லாம் சரியா இருக்கு. நானே போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பேன். முதல்லயே வந்திருந்தா, வக்கீல் வேண்டாம், நீங்களே பண்ணிக்குங்கன்னுகூடச் சொல்லியிருப்பேன். இப்ப அப்படி இல்ல. சந்தேகம் வந்துடுச்சு. பதில் எழுதற விதம் முக்கியம், ஒரே ஒரு வாய்ப்பு. உங்க போன் பேச்சு விவரம், நீங்க போய் வந்த டிக்கெட், அதெல்லாம் வச்சு நான் எழுதறேன். ஆனா ஒண்ணு மட்டும் நானும் எழுத முடியாது, நீங்களும் எழுத முடியாது.”

“நான் எழுத முடியாதது என்னங்க?”

“நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிதான்னு பக்கத்துல இருந்து பாத்தவங்க, கேட்டவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்க வீட்டுக்காரம்மா அங்க லேப்ல ரெண்டு பேர்கிட்டக் கேக்கட்டும். நீங்க இங்க ஒருத்தர்கிட்டக் கேளுங்க.”

“கேக்கணுமா?”

“கேக்கணும். அவங்களுக்கு வர்ற பாஷைல, அவங்க கையாலயே எழுதட்டும். மொழிபெயர்ப்பை நான் பாத்துக்கறேன்.”

வக்கீலம்மா ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். ‘இந்த மனு தொடர்பாக என் சார்பில் செயல்பட இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன்.’ சுயம்பு அதை மூன்று முறை படித்தார். ‘என் சார்பில்’ என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தார், கசிகிறதா என்று சோதிக்கிற மாதிரி. பிறகு கையெழுத்துப் போட்டார்.

மனு தேறியது. மனைவி வந்து சேர்ந்தார். இதைக் கடைசிவரை மறைத்துவைத்து வாசகரைத் தவிக்க விடும் உத்தேசம் இல்லாததால் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வக்கீலைப் பார்த்து வந்த அன்று சாயங்காலம் அறையில் நடந்ததுதான் சரித்திரத்தில் இடம்பெற வேண்டியது.

வேன்காரர் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுயம்பு வாசலருகே நின்றார். செருப்பைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். ஜன்னலைச் சாத்தினார். திறந்தார்.

“என்னண்ணே, வக்கீலம்மா என்ன சொன்னாங்க?”

“தம்பி, ஒரு உதவி.”

வேன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். “என்ன சொன்னீங்க?”

“காதுல விழலையா?”

“விழுந்துச்சு. இன்னொரு தடவை சொன்னா நல்லா விழும்.”

சுயம்பு சொன்னார். எதற்கு, யாருக்கு, என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னார். வேன்காரர் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் உங்களைச் சேந்து பாத்ததே இல்லையேண்ணே. என்னன்னு எழுத?”

“கேட்டிருக்கியே.”

“கேட்டிருக்கேன். தினமும் கேக்கறேன். ‘இவங்க ரெண்டு பேரும் தினமும் சாயங்காலம் போனில் சண்டை போடுவார்கள். அந்தம்மாதான் ஜெயிப்பார்கள். இவர் சாப்பிட்டாரா என்று கேட்காமல் ஒரு நாளும் போனை வைத்ததில்லை. இவர் சாப்பிடாத நாளிலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்.’ இப்படி எழுதலாமா?”

சுயம்பு தலையை ஆட்டினார்.

வேன்காரருக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். வரிகள் மேல்நோக்கி ஏறின, பிறகு சரிந்தன. இரண்டு இடத்தில் பிழை, ஓர் இடத்தில் வெங்காயக் கண்ணீர். சுயம்பு பக்கத்துக் கட்டிலில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தரம்கூடப் பேனாவைக் கேட்கவில்லை.